தென்சிறகுக்கு வந்த நோட்டீஸ்: ஒரு கோயில் தெருவின் பராமரிப்புக் கணக்கு

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரிக் கரையில் ஒரு சிறு நகரம். அங்கே கோயில் மதிலை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஒரு தெரு. வடசிறகு, அதாவது வடக்கு வரிசை வீடுகளுக்குப் பட்டா உண்டு. தென்சிறகு முழுவதும் அடிமனை. அதாவது மண் கோயிலுக்குச் சொந்தம், அதன்மேல் நிற்கும் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். ஊர், கோயில், ஆட்கள் எவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. வாடகை குறித்த மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தென்சிறகில் ஒரு வீட்டின் உறுதி குறித்து அறிக்கை தரச் சொல்லிக் கட்டடப் பொறியாளன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். அறிக்கையில் சுவரும் கூரையும் மட்டும்தான் இடம்பெற்றன. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்த வீட்டின் கதவில் நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கட்டடம் சிதிலமடைந்து அக்கம்பக்கத்தாருக்கும் தெருவில் போவோருக்கும் ஆபத்தாக இருக்கிறது, குறித்த நாளுக்குள் பழுது நீக்க வேண்டும் அல்லது இடித்து அகற்ற வேண்டும், தவறினால் நிர்வாகமே இடித்துச் செலவை வசூலிக்கும் என்பது அதன் சாரம். விலாசப் பகுதியில் ‘உரிமையாளர் அல்லது அனுபவதாரர்’ என்று இருந்தது. இந்த வழக்கின் பாதி, நடுவில் இருக்கும் அந்த ‘அல்லது’வில் அடங்கிவிடுகிறது. மண்ணின் உரிமையாளரான கோயிலுக்கும் அனுபவதாரரான அந்த அம்மாளுக்கும் சட்டம் ஒரே தாளில் ஆணையிடுகிறது. தாள் ஒட்டப்பட்டதோ அம்மாளின் கதவில்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் காலமாகிவிட்டார். இட்லி மாவு அரைத்து விற்கிறார். வீட்டின் பின்கட்டில் இரண்டு குடும்பங்கள் உள்வாடகைக்கு இருந்தன. ஒருவர் நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருபவர். இன்னொரு குடும்பம் கோயில் வாசலில் பூ விற்றது. கோயிலிடம் அடிமனை வாங்கியவர் அதை உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே எந்தக் கோப்பிலும் இந்த இரண்டு குடும்பங்களும் இல்லை. மனு, கூட்டம், கணக்கு என்று எது நடந்தாலும் அவர்கள் இல்லாதவர்களாகவே நடந்தது.

சுவர் ஏன் வயிறு தள்ளியது

தஞ்சைப் பகுதியின் பழைய தெருவீடுகளைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை. அகலம் பதினெட்டு இருபது அடிதான், நீளமோ நூறு அடியைத் தாண்டும். அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே பொதுச் சுவர். சன்னமான பழைய செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, வெயிலும் மழையும் படும் முகத்தில் மட்டும் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். இரு வீடுகளுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் உயர்பாகத்துக்குப் பூச்சே கிடையாது. தேவையும் இல்லை, நூறு ஆண்டுகளாக அங்கே ஒரு சொட்டு மழை விழுந்ததில்லை.

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாக்கி கட்ட முடியாமல் மனையைக் கோயிலிடமே ஒப்படைத்துவிட்டார்கள். கோயில் சொத்துகளைப் பொது ஏலத்தில் குத்தகைக்கு விடுவதே விதி. அப்படி விட்டதில் ஏலம் எடுத்தவர் தங்கும் விடுதி நடத்துபவர். பழைய வீட்டை இடித்தார். அவர் செய்தது முறைகேடு இல்லை. ஆனால் இடித்த அன்றே பொதுச் சுவரின் பூசாத முகம் வானத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது. அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சாந்து ஊறிக் கரைந்தது. அடித்தளத் தோண்டலுக்காக வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. டெல்டாவின் களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். பங்குனிக்குள் சுவர் வயிறு தள்ளிவிட்டது. அதன் பிறகுதான் நோட்டீஸ்.

நான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது கூடத்தை ஒட்டிய சுவர் மேலே நேராகவும் இடுப்பு உயரத்தில் வெளித்தள்ளியும் இருந்தது. விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்துச் சில வாரம் கவனித்தோம். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அடுக்களைப் பக்கத்துத் துண்டுகள் உடைந்தன. தெருப்பக்கம் ஒட்டியவை அப்படியே இருந்தன. ஆக, இந்த நூறடி வீட்டில் ஆபத்து என்று சொல்லத்தக்க நீளம் கூடத்துச் சுவரும் அடுக்களைக் கூரையும்தான். கைமரங்களில் சில கரையான் அரித்துப் பொக்காகியிருந்தன. மற்றவை பழைய தேக்கு. இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும்.

சாலையையும் சொல்ல வேண்டும். பழையதைச் சுரண்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாகத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போகிறார்கள். மழை நீர் ரேழிக்குள் வருகிறது. சுவரின் அடிப்பாகம் எந்நேரமும் ஈரம் குடித்து உப்புப் பூத்து உதிர்கிறது. அதை மறைக்க யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து, நோயை ஆளுயரத்துக்கு ஏற்றியிருந்தது. பராமரிப்பின்மை என்று நோட்டீஸ் குறிப்பிடும் பழுதுகளில் ஒரு பகுதி, அரசு போட்ட சாலையாலும் அடுத்த வீட்டு இடிப்பாலும் வந்தவை. அதற்கான பழியும் குடியிருப்பவர் பேரிலேயே விழுகிறது.

இதற்காகப் பராமரிப்பு விதியே கூடாது என்று வாதிட எனக்கு வாய் வராது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றிக்கொண்டு 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊரைச் சுற்றி வாழும் எவரிடமும் ‘கட்டட விதி வெறும் காகிதம்’ என்று சொல்லிவிட முடியாது. இந்தத் தெருவிலும் சுவர் சரிந்தால் அடுக்களையில் மாவு அரைப்பவரும் பின்கட்டுப் பிள்ளைகளும்தான் அடியில் கிடப்பார்கள். நோட்டீஸ் கொடுத்த அலுவலர் தன் கடமையைத்தான் செய்தார்.

பழுது பார்க்க யாருக்கு உரிமை

தன் வீட்டுச் சுவரைச் சரிசெய்ய அம்மாள் கோயிலின் தடையின்மைக் கடிதம் வாங்க வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் குத்தகை அவர் பெயரில் இருக்க வேண்டும். அது இன்னும் கணவரின் தகப்பனார் பெயரில் கிடந்தது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் பாக்கி முழுதும் தீர்க்க வேண்டும். எவ்வளவு பாக்கி என்பதே தகராறில் இருந்தது. உயர்த்திய வாடகையை ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய தொகையைக் கட்டப் போனால், அதை ஏற்றால் உயர்வை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று அலுவலகம் வாங்க மறுத்தது. ஒரு அலுவலகம் ‘உடனே பழுது பார்’ என்கிறது. இன்னொரு அலுவலகத்தின் கடிதம் வராமல் பழுது பார்த்தால், அதுவே அனுமதியற்ற கட்டுமானம் என்று வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். இரண்டு ஆணைகளுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிய வழியே இல்லை.

சட்டத்தில் பற்றிக்கொள்ள ஏதாவது கொம்பு இருக்கிறதா என்று பார்த்தோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் பழுதுகளை இரு தரப்புக்கும் பிரித்து அட்டவணை போட்டிருக்கிறது. கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு. இங்கே கோயிலுக்குச் சொந்தம் மண் மட்டும், கட்டடம் அம்மாளுடையது. கோயில் கட்டடங்களே 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்திலிருந்து 1976இல் விலக்கப்பட்டவை. மண்ணை வாடகைக்கு எடுத்து வீடு கட்டியவர்களுக்கென்று 1921இல் வந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அந்த மண்ணை விலைக்குக் கேட்கும் உரிமையைக் கூடக் கொடுத்தது. சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு அது பொருந்தாது என்று 1996இல் திருத்தினார்கள். உச்ச நீதிமன்றமும் 2005இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது.

திருத்தத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. தமிழகக் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அறநிலையத் துறையின் கணக்கு. அதில் எத்தனையோ இடங்களைச் செல்வாக்கு உள்ளவர்கள் சொற்ப வாடகையில் அனுபவித்து வந்தார்கள், அனுபவிக்கிறார்கள். ஒருகால பூஜைக்கே எண்ணெய் இல்லாத கோயில்கள் டெல்டாவில் எத்தனை என்று சிவாச்சாரியார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் மண்ணை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது என்று 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்வது அந்தச் சொத்தைக் காப்பதற்காக. ஆனால் ஐந்தாண்டுக் குத்தகையை நம்பி எந்த வங்கி இருபதாண்டுக் கடன் தரும்? 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவுக்குச் சொந்த மனையின் ஆவணம் வேண்டும். அடிமனைக்காரரிடம் இருப்பது ரசீதுப் புத்தகம்.

எதிர்ச்சாரி விற்றால் இச்சாரிக்கு வாடகை ஏறும்

தென்சிறகைப் பார்த்தால் ஏழ்மை. வடசிறகைப் பார்த்தால் புதுப் பணம். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றி வருவோர் கும்பகோணத்தை மையமாக வைத்துத் தங்குவதால், சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பழைய வீடுகளுக்கு விலை வந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூரில் இருந்துகொண்டே பூர்வீக ஊரில் ஒரு கால் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், ‘பாரம்பரிய இல்லம்’ என்று பலகை மாட்டி நாள் வாடகைக்கு விடுபவர்கள் என மூன்று வகையினரும் வடசிறகில் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டை அழகாகவே மீட்டிருக்கிறார்கள். முற்றத்துத் தூண்களுக்கு எண்ணெய் தடவி, ஆத்தங்குடி ஓடு பதித்து, ஊஞ்சலும் போட்டாகிவிட்டது. (செட்டிநாட்டு ஓடு காவிரிக் கரைக்கு எப்போது பாரம்பரியம் ஆனது என்று கேட்கக் கூடாது.)

அவர்களுடைய வருகை தென்சிறகை இரண்டு வழியில் தொட்டது.

ஒன்று, வாடகை. அறநிலையச் சட்டத்தின் 34-அ பிரிவுப்படி இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு நியாய வாடகையை நிர்ணயிக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறு நிர்ணயம். குடியிருப்பு மனைக்குப் பொதுவாக நிலத்தின் மதிப்பில் மாதம் 0.1 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த மதிப்புக்குக் கையில் எடுக்கும் அளவுகோல் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு குறித்து வைக்கும் நில விலை. நகரப் பகுதிகளில் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக அமைகிறது.

பதினெட்டு அடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம் என்றால் 1,980 சதுர அடி. சதுர அடி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனையின் மதிப்பு 15,84,000 ரூபாய், மாத வாடகை 1,584 ரூபாய். அதே தெருவில் மதிப்பு 2,000 ரூபாய்க்குப் போனால் வாடகை 3,960 ரூபாய். தொகைகள் கணக்குக்காகச் சொன்னவை, விகிதம் உண்மை. வடசிறகுக்காரர் விற்றால் அவருக்கு லாபம். அந்த விற்பனை தெருவின் மதிப்பை உயர்த்தினால், விற்கவே முடியாத தென்சிறகுக்காரருக்கு வாடகை உயரும். தெரு விலையேறுவதில் அவருக்குக் கிடைக்கும் ஒரே பங்கு அந்தச் செலவுதான். 2017 ஜூனில் மாநிலம் முழுதும் 33 சதவீதம் குறைத்த வழிகாட்டி மதிப்பை 2023 ஏப்ரலில் பழைய அளவுக்குத் திருப்பினார்கள். அடுத்த ஆண்டே மறுபடி திருத்தம். சொத்து வாங்குவோருக்கு அது பத்திரச் செலவு, ஒரு நாள் வேதனை. அடிமனைக்காரருக்கு அது மாதாந்தரம்.

இதோடு சொத்து வரியும் சேர்கிறது. 2022இல் வரியைத் திருத்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். பெரிய வீடு என்றால் வசதியான வீடு என்பது இதன் அனுமானம். சென்னை அடுக்ககத்துக்கு அது சரி. இரண்டாங்கட்டு இடிந்து கொல்லையில் எருக்கு முளைத்த வீட்டுக்கும், பழைய பதிவேட்டில் முழு நீளம் கட்டடம் என்றே இருந்தால், மேல்படி விகிதம்தான். அளவைத் திருத்தச் சொல்லி மனுப் போடலாம். போட்டால், ‘அப்படியானால் இடிந்திருப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று பராமரிப்பு நோட்டீஸ் பின்னாலேயே வரும் என்று தெருவில் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, பழைய வீட்டைப் பழைய முறையில் பழுது பார்க்கும் செலவு. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் சுற்று வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கிறார்கள். பாரம்பரிய இல்லங்களை மீட்கும் வேலை அவர்களுக்கு நல்ல கூலி தருகிறது. தரட்டும், அந்தக் கைக்கு அது தகும். ஆனால் தென்சிறகு அம்மாள் கூப்பிட்டால் அவர்களுக்கு நேரமில்லை. நாட்டு ஓடும் அப்படித்தான். முன்பு இடித்த வீட்டு ஓட்டை வண்டிக் கூலி மட்டும் கொடுத்து எடுத்துப் போவார்கள். இன்று ரிசார்ட்டுகள் அதை எண்ணி விலைக்கு வாங்குகின்றன. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓட்டைப் பிரித்து அடுக்கி, உடைந்ததை மாற்றாவிட்டால் நாட்டு ஓட்டுக் கூரை நிற்காது. கோயில் குரங்குகள் இருக்கும் தெருவில் வருடா வருடம் மாற்றியாக வேண்டும். ஏழை வீட்டுக் கூரைக்கு ஓடு கிடைக்காததால் அவர்கள் தகரத்துக்குப் போகிறார்கள். பிறகு தெருவின் அழகைக் கெடுப்பதாக அவர்கள்மேலேயே புகார் போகிறது. அப்படி ஒரு புகார் இந்தத் தெருவிலும் போயிருந்தது. எழுதியவர் வடசிறகின் புது வீட்டுக்காரர்.

என்ன செய்தோம்

அறிக்கையில் வீட்டை மூன்றாகப் பிரித்தேன். உடனே முட்டுக் கொடுத்து ஆளை விலக்க வேண்டிய பகுதி, மழைக்கு முன் சரிசெய்ய வேண்டிய பகுதி, சும்மா விடலாம் என்ற பகுதி. முதல் பகுதி கூடத்துச் சுவரில் சுமார் பன்னிரண்டு அடி நீளமும் அடுக்களையும். இரண்டாவது, ரேழியின் ஈரமும் சில கைமரங்களும். திண்ணை, முன்கட்டு, இரண்டாங்கட்டின் நின்ற பாகம் எல்லாம் மூன்றாவதில். திண்ணையில் காரை உதிர்ந்திருந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் அது யார் தலையிலும் விழப் போவதில்லை. இப்படிப் பிரித்ததும் செலவு, வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

நோட்டீஸ் அச்சுப் படிவத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமில்லை. அதில் வீடு முழுதாக ஆபத்து, அல்லது ஆபத்தே இல்லை. எந்தச் சுவர், எத்தனை அடி என்று பொறியாளர் குறிப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏழைக் குடும்பத்தை வெளியேற்றும் வேலையில் பாதியை இந்தப் படிவம் செய்துவிடுகிறது என்பது என் முடிவு. ‘சிதிலமடைந்த கட்டடம்’ என்று முழு வீட்டுக்கும் ஒரு முத்திரை விழுந்துவிட்டால், மனையை மீட்க நினைக்கும் எவருக்கும் அது தயார் ஆவணம். நகராட்சி உதவிப் பொறியாளர் நேரில் வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். என் அறிக்கையை இணைப்பாக ஏற்று, முதல் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் பழுது நீக்கும்படி திருத்திய கடிதம் கொடுத்தார். படிவத்தில் இல்லாததைச் செய்ய ஓர் அலுவலருக்குத் துணிச்சல் வேண்டும். அவருக்கு அது இருந்தது. அடுத்து வருபவருக்கும் இருக்கும் என்று எண்ணி ஒரு ஊரை நடத்த முடியாது.

கோயிலிடம் வாடகைத் தகராறைப் பேசவில்லை. பேசியிருந்தால் மழைதான் முந்தியிருக்கும். ‘உயிர் பாதுகாப்புக்கான பழுது மட்டும், இதனால் குத்தகை உரிமை எதுவும் புதிதாக ஏற்படாது, நிலுவை குறித்த இரு தரப்பு வாதங்களுக்கும் பாதிப்பில்லை’ என்ற நிபந்தனையோடு ஒரு கடிதம் கேட்டோம். சொத்தில் உரிமை போய்விடுமோ என்பதுதான் கோயில் அலுவலகத்தின் முக்கியமான கவலை. அந்தக் கவலைக்குத் தாளில் பதில் கொடுத்ததும் கையெழுத்து விழுந்தது. பெயர் மாற்றத்துக்கு முன்பே கிடைத்த கடிதம் அது. தென்சிறகில் அப்படி முன்பு கிடைத்ததில்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்.

பக்கத்து மனை ஏலதாரர்தான் கடினம் என்று நினைத்திருந்தோம். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882 பற்றி வழக்கறிஞர் ஒரு கடிதம் தயாரித்தும் வைத்திருந்தார். பக்கத்து மனையிலிருந்து ஒரு சுவர் இருபதாண்டு இடையறாது பெற்றுவந்த தாங்குதல் அதற்கு உரிமையாகிவிடுகிறது என்ற வாதம். அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே தண்ணீர் இறங்கினால் அவருடைய அடித்தளத்துக்கும் கேடு என்று வரைந்து காட்டியதும், திறந்த முகத்துக்குப் பூச்சும் மேலே தகரக் காப்பும் தன் செலவில் போட்டுக்கொடுத்தார். இடிப்பு அனுமதி கொடுக்கும்போதே பொதுச் சுவரின் மறுமுகத்தைக் காப்பது இடிப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. ஒட்டுவீடுகள் நிறைந்த கும்பகோணம், ஸ்ரீரங்கம், திருவையாறு, மயிலாடுதுறை என எல்லா ஊருக்கும் இந்த ஒரு வரி பொருந்தும். பணமில்லாமல் செய்யக்கூடிய சீர்திருத்தம் இதைவிட வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

பணம் வேண்டிய சீர்திருத்தங்களும் உண்டு, வெளியே முன்மாதிரிகள் இருக்கின்றன. புதுச்சேரியின் வைசியாள் வீதியில் ஐரோப்பிய நிதியும் உரிமையாளர் பங்கும் சேர்ந்து முகப்புகளை மீட்டார்கள். அழகான தெரு. ஆனால் பங்கு போட உரிமையாளர் வேண்டும், முகப்போடு நின்றுவிட்டால் அடுக்களைச் சுவர் அப்படியே இருக்கும். மும்பையில் பழைய வாடகைக் கட்டடங்களுக்கென்று 1969 சட்டப்படி பழுதுபார்ப்பு வாரியம் அமைத்துத் தனி வரி வசூலித்தார்கள். அங்கே கட்டடங்கள் அதிகம், பணம் போதாது, காத்திருப்பு நீளம். இருந்தாலும் பழுதை ஒரு பொதுச் செலவாகப் பார்த்த அந்தக் கொள்கை டெல்டாவுக்கு வேண்டியது. கோயிலுக்கு வரும் அடிமனை வாடகையில் ஒரு பங்கை அதே தெருவின் உயிர்பாதுகாப்புப் பழுதுக்கு ஒதுக்கி, அதைக் குடியிருப்பவரிடம் தவணையில் திரும்ப வாங்கலாம். மண் கோயிலுடையதாகவே இருக்கும், சுவரும் நிற்கும், அடுத்த முறை வாடகை கொடுக்க ஆளும் இருப்பார். பூஜைப் பணத்தை வீட்டுக்குச் செலவிடுவதா என்று கேட்பார்கள். வீடு விழுந்து மனை காலியாகி, வழக்கு நடந்து, பல ஆண்டுகள் எருக்கு முளைத்துக் கிடக்கும் மனைகளிலிருந்து பூஜைக்கு எவ்வளவு வந்தது என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும்.

யார் கட்டினார்கள்

அம்மாள் கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்தார். சுவரின் தள்ளிய பாகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி கட்டினோம். ஒரு நேரத்தில் மூன்றடிக்கு மேல் பிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவர் வடசிறகு வேலைக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முடித்துக் கொடுத்தார். அடுக்களைக்கு நாட்டு ஓடு கிடைக்கவில்லை, சீமை ஓடு போட்டோம். ஐப்பசி மழைக்கு வீடு தாங்கியது.

வேலை நடந்தபோது பின்கட்டுக் குடும்பங்கள் இரண்டும் வெளியே தங்கின. முடிந்ததும் பின்கட்டு வாடகையை அம்மாள் உயர்த்தினார். நகைக்கடன் வட்டிக்கு அவருக்கு வேறு வருமானம் இல்லை. பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டு திரும்பி வந்தார். பூ விற்றவர்கள் வரவில்லை. ஊருக்கு வெளியே வாய்க்கால் புறம்போக்கில் உறவினர் குடிசையோடு ஒட்டிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். விடியற்காலை நடைதிறப்புக்குப் பூக்கூடையோடு நடந்தே வருகிறார்கள். சிதிலமடைந்திருந்தவரை அந்தப் பின்கட்டின் வாடகை அவர்கள் கைக்கு எட்டியது. சரிசெய்ததும் எட்டவில்லை. அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். பழுதுக்கு மானியமோ வட்டியில்லாக் கடனோ கிடைத்து, அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் உள்வாடகையை உயர்த்தக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தால் அவர் உயர்த்தியிருக்க மாட்டார். ஆனால் உள்வாடகையே இல்லை என்று கோப்பு சொல்லும்வரை அந்த நிபந்தனையை எங்கே எழுதுவது? முதலில் அவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். உள்வாடகையைக் காட்டினால் குத்தகை ரத்தாகும் என்ற பயத்தை நீக்காமல் எந்தக் கணக்கெடுப்பாளரிடமும் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

நியாய வாடகையை எதிர்த்து ஆணையரிடம் போட்ட மேல்முறையீடு அப்படியே இருக்கிறது. எங்கள் வாதத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தோம். விற்கும் உரிமை உள்ள மனைகளின் விலையை, விற்கும் உரிமை இல்லாத மனையின் வாடகைக்கு முழு அளவுகோலாக எடுக்கக் கூடாது, தென்சிறகுக்குத் தனிக் கழிவு வேண்டும் என்பது அது. சட்டப் பிரிவு ‘நடப்பு வாடகை மதிப்பை’யும் பார்க்கச் சொல்கிறது. அடிமனைக்கு நடப்பு வாடகை என்ன என்பதற்கு எதிர்ச்சாரி விற்பனைப் பத்திரம் சாட்சியாகாது.

இந்த ஆண்டு தென்சிறகில் மேலும் மூன்று வீடுகளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் பகுதி பகுதியாகப் பிரித்த அறிக்கையோடு பதில் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பூட்டிய வீடு. வாரிசுகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், கடிதம் திரும்பி வந்துவிட்டது. அதன் சுவர் இரு பக்கமும் ஆள் இருக்கும் வீடுகளின்மேல் சாய்கிறது. நகராட்சியே முட்டுக் கொடுத்துச் செலவைக் குத்தகைதாரர் கணக்கில் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. மண்ணுக்குச் சொந்தமான கோயிலும் அதைச் செய்யலாம். இரு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதியிருக்கின்றன. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முட்டுக்கு எத்தனை சவுக்குக் கம்பம் வேண்டும் என்று கணக்குப் போட்டு இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறேன்.